உலக விநியோகச் சங்கிலியில் கார்பன் கணக்கு: அளப்பது யார், அளவு யாருக்கு?

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



திருப்பூரில் தைத்த பனியன் ஒன்று தூத்துக்குடியில் கப்பலேறி ஐரோப்பியக் கடையொன்றுக்குப் போய்ச் சேர்கிறது. அதன் பருத்தி தெலங்கானாவிலோ விதர்ப்பாவிலோ விளைந்திருக்கும். ஜின்னிங் அந்தப் பக்கமே முடிந்து, பஞ்சு பேலாகக் கட்டப்பட்டு, கோவை அல்லது திண்டுக்கல் பக்கத்து மில்லில் நூலாகியிருக்கும். நிட்டிங், சாயம், காம்பாக்டிங், கட்டிங், தையல் எல்லாம் திருப்பூரில் வெவ்வேறு கைகளில் நடந்திருக்கும். ஒவ்வொரு கைமாற்றத்திலும் பில் ஒன்று போகிறது. எடை, விலை, வரி எல்லாம் அதில் உண்டு. அந்தக் கட்டத்தில் எவ்வளவு கரி எரிந்தது, எவ்வளவு மின்சாரம் செலவானது என்ற விவரம் மட்டும் எந்தப் பில்லிலும் இல்லை.

ஆனால், கடைசியில் அந்தப் பனியனை விற்கும் நிறுவனம் தன் ஆண்டறிக்கையில் ஓர் எண்ணைப் பதிவு செய்கிறது. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் வெளியான பசுங்குடில் வாயு மொத்தம் இத்தனை டன் என்கிறது அந்த எண். எந்தப் பில்லிலும் இல்லாத விவரம் அறிக்கைக்கு எப்படி வந்தது?

இவ்வுரை நிலைநாட்ட விரும்பும் கருத்து ஒன்றுதான். இன்று கைமாறும் கார்பன் எண்களில் பெரும்பகுதி அளந்து பெற்றவை அல்ல, சராசரியைக் கொண்டு பெருக்கிப் பெற்றவை. எங்கே பார்க்க வேண்டும் என்பதைச் சராசரி காட்டும். யார் நன்றாகச் செய்கிறார் என்பதைக் காட்டாது. ஆகவே, உமிழ்வு நிகழும் இடத்திலேயே அளவு எடுக்க வேண்டும். எடுத்த அளவு பில்லோடு சேர்ந்து கைமாற வேண்டும். அந்தச் செலவை வாங்குபவரும் ஏற்க வேண்டும். இதை எட்டுக் கூறுகளாக அவையின் முன் வைக்கலாம்.

1. கணக்கின் எல்லை

நிறுவனங்களின் பசுங்குடில் வாயுக் கணக்குக்கு உலகெங்கும் அடிப்படையாக இருப்பது ஜி.எச்.ஜி. புரோட்டோகால். இதன் முதல் பதிப்பு 2001இல் வெளிவந்தது. உமிழ்வை அது மூன்றாகப் பிரிக்கிறது. சொந்த பாய்லரிலும் சொந்த வண்டியிலும் எரிபொருள் எரிவதால் வருவது ஸ்கோப் 1. விலைக்கு வாங்கிய மின்சாரத்தை உற்பத்தி செய்தபோது வந்தது ஸ்கோப் 2. மற்றவை அனைத்தும் ஸ்கோப் 3. வாங்கிய மூலப்பொருள், லாரி, கப்பல், விற்ற பொருளை வாடிக்கையாளர் பயன்படுத்துவது, கடைசியில் அது குப்பைக்குப் போவது வரை எல்லாம் இதில் அடக்கம். 2011இல் வந்த தனித் தரநிலை இதை 15 வகைகளாகப் பட்டியலிட்டது.

பெரிய ஆடை பிராண்டுகள் பலவற்றுக்குச் சொந்தமாக ஒரு நிட்டிங் மெஷின் கிடையாது; ஒரு பாய்லர் கிடையாது. அவற்றின் உமிழ்வு பெரும்பாலும் பிறருடைய கூரையின் கீழ்தான் நடக்கிறது. நிறுவனங்களின் சுற்றுச்சூழல் அறிக்கைகளைத் திரட்டும் சி.டி.பி. அமைப்பு 2020ஆம் ஆண்டுக்கான அறிக்கைகளை ஆராய்ந்தபோது, விநியோகச் சங்கிலியின் உமிழ்வு நிறுவனங்களின் சொந்த உமிழ்வைப்போல் சராசரியாக 11.4 மடங்கு என்று கண்டது.

நாடுகளின் கணக்கும் இதே கதைதான். ஸ்டீவன் டேவிஸ், கென் கால்டெய்ரா இருவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2004இல் உலகம் வெளியிட்ட கார்பன் டை ஆக்சைடில் 23 விழுக்காடு, ஒரு நாட்டில் வெளியாகி வேறொரு நாட்டின் நுகர்வுக்குப் போன பொருள்களைச் சேர்ந்தது. அதில் பெரும்பகுதி சீனாவிலிருந்து போனது. புகை ஒரு நாட்டில், பொருள் வேறொரு நாட்டில் என்ற நிலையில், சங்கிலிக் கணக்கைத் தவிர்க்க வழியில்லை. அதை எப்படிச் செய்வது என்பதுதான் கேள்வி.

2. ரூபாயைப் பெருக்கிக் கார்பன் காண்பது

எளிய வழி ஒன்று உண்டு. ஒரு துறை தன் உற்பத்திக்கு மற்றத் துறைகளிடமிருந்து எவ்வளவு வாங்குகிறது என்பதை அட்டவணையாக்கியவர் பொருளியலாளர் வாசிலி லியோன்டியெஃப். அதற்காக 1973இல் நோபல் பரிசு பெற்றார். அந்த அட்டவணையோடு துறைவாரி உமிழ்வைச் சேர்த்தால், ஜவுளியில் செலவிடும் ஒவ்வொரு டாலருக்கும் சராசரியாக இத்தனை கிலோ கார்பன் என்று ஓர் எண் கிடைக்கும். நிறுவனம் தன் கொள்முதல் லெட்ஜரை எடுத்து, தொகையை அந்த எண்ணால் பெருக்கினால் ஸ்கோப் 3 கணக்கு தயார்.

தொடக்கத்துக்கு இது பயன்படும். எந்தக் கொள்முதலில் கவனம் செலுத்த வேண்டும் என்று தெரிந்துவிடும். தொடர்ந்து இதையே நம்பினால் விபரீதம். ஒரு நூற்பாலை சூரிய ஒளி மின்சாரத்துக்கு மாறுகிறது. அதன் நூலுக்குக் கிலோவுக்குப் பத்து விழுக்காடு கூடுதலாக விலை தர ஒரு பிராண்ட் முன்வருகிறது என்று வைத்துக்கொள்வோம். செலவு பத்து விழுக்காடு ஏறியதால், அந்த பிராண்டின் கார்பன் கணக்கும் பத்து விழுக்காடு ஏறும். மாறாக, பழைய மில்லோடு பேரம் பேசி விலையைப் பத்து விழுக்காடு குறைத்தால் கார்பனும் அதே அளவு குறைந்ததாக அறிக்கை சொல்லும். எந்தப் புகைபோக்கியிலும் மாற்றம் நடந்திருக்காது. நல்லதைச் செய்தவர் தண்டிக்கப்படுகிறார், விலையை நசுக்கியவர் பாராட்டுப் பெறுகிறார்.

3. ஐந்து மூட்டை யூரியா

எடையை வைத்துக் கணக்கிட்டால் இந்தக் குறை தீரும்தானே என்று கேட்கலாம். பாதிதான் தீரும். வயலிலேயே பார்ப்போம்.

ஐந்து மூட்டை யூரியா, மூட்டைக்கு 45 கிலோ. அதில் நைட்ரஜன் 46 விழுக்காடு; ஆக, மண்ணில் சேர்வது சுமார் 103 கிலோ. மண்ணின் நுண்ணுயிர்கள் இதில் சிறு பகுதியை நைட்ரஸ் ஆக்சைடாக மாற்றிக் காற்றில் விடுகின்றன. நூறு ஆண்டுக் கணக்கில் அந்த வாயு கார்பன் டை ஆக்சைடைப்போல் 273 மடங்கு வெப்பமூட்டும் என்கிறது ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் ஆறாம் மதிப்பீடு. அந்தச் சிறு பகுதி எவ்வளவு? அதே குழுவின் 2006 வழிகாட்டு நெறி, மழை அளவைப் பார்க்காமல் பொதுவாக ஒரு விழுக்காடு என்றது. அப்படியானால், நேரடியாக வயலிலிருந்து மட்டும் ஏறத்தாழ 440 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். 2019இல் வந்த திருத்தம் ஈர நிலப்பகுதியில் ரசாயன உரத்துக்கு 1.6 விழுக்காடு என்றும், வறண்ட பகுதிக்கு 0.5 விழுக்காடு என்றும் பிரித்தது. வெப்ப மண்டலத்தில் இரண்டையும் பிரிப்பது ஆண்டு மழை 1,000 மில்லிமீட்டர் என்ற கோடு. அதே ஐந்து மூட்டைக்கு ஒரு பக்கம் 710 கிலோ, மறுபக்கம் 220 கிலோ.

980 மில்லிமீட்டர் மழை பெறும் ஊருக்கும் 1,020 மில்லிமீட்டர் பெறும் பக்கத்து ஊருக்கும் மண்ணில் இத்தகைய மூன்று மடங்கு வேறுபாடு இருக்க வாய்ப்பில்லை. கணக்கில் மட்டும் இருக்கிறது.

அடுத்து, பங்கீடு. பறித்த பருத்தியில் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் பஞ்சு. மீதி பெரும்பாலும் கொட்டை. அந்தக் கொட்டை எண்ணெய்க்கும் பிண்ணாக்குக்கும் போகிறது. வயலின் உமிழ்வை எடைப்படி பிரித்தால் பஞ்சுக்கு மூன்றில் ஒன்று. விலைப்படி பிரித்தால் பெரும்பகுதி பஞ்சின் தலையில். இரண்டு முறைக்கும் தரநிலைகளில் இடமுண்டு. ஆகவே, ஒரு பனியனுக்கு இத்தனை கிலோ என்று யாராவது சொன்னால், எந்த விதியின்படி என்று கேட்காமல் அந்த எண்ணை ஏற்கக் கூடாது.

4. சராசரியை வைத்து ஒப்பிடலாமா?

ஒப்பிட்டார்கள், சிக்கலில் மாட்டினார்கள். ஆடைத் துறையின் கூட்டமைப்பு ஒன்று ஹிக் குறியீடு என்ற மதிப்பீட்டுக் கருவியை உருவாக்கியது. துணி வகைகளுக்கான உலகச் சராசரித் தரவு அதில் இருந்தது. அந்தச் சராசரியை வைத்துக்கொண்டு, தங்கள் ஆடை சுற்றுச்சூழலுக்கு இத்தனை விழுக்காடு நல்லது என்று சில நிறுவனங்கள் வாடிக்கையாளரிடம் விளம்பரம் செய்தன. 2022 ஜூனில் நார்வே நுகர்வோர் ஆணையம் தலையிட்டது. நோரோனா என்ற நிறுவனத்தின் விளம்பரம் நுகர்வோரைத் தவறாக வழிநடத்துவதாகத் தீர்ப்பளித்தது. எச் அண்ட் எம் நிறுவனத்தையும் எச்சரித்தது. பொதுச் சராசரியைக் கொண்டு ஒரு குறிப்பிட்ட ஆடைக்கு நற்சான்று தர முடியாது என்பதே ஆணையத்தின் வாதத்தின் சாரம். அந்தத் தரவை நுகர்வோருக்கு வெளியிடும் திட்டத்தைக் கூட்டமைப்பு நிறுத்திவைத்தது.

தொலைவை மட்டும் பார்த்துத் தீர்மானிப்பதும் இதேபோல் ஏமாற்றும். இங்கிலாந்தின் கிரான்ஃபீல்ட் பல்கலைக்கழகம் 2007இல் கென்ய ரோஜாவையும் டச்சு ரோஜாவையும் ஒப்பிட்டது. விமானப் பயணத்தின் கூடுதல் வெப்ப விளைவையும் சேர்த்த பிறகும், கென்யாவிலிருந்து வந்த 12,000 பூக்களின் கணக்கு சுமார் 6,000 கிலோ. பக்கத்து நாடான ஹாலந்தின் அதே எண்ணிக்கைப் பூக்களுக்கு 35,000 கிலோ. கென்யாவில் வெயில் இலவசம். ஹாலந்தில் குளிர்காலக் கண்ணாடிக் குடிலுக்கு எரிவாயுவும் விளக்கும் வேண்டும். இந்த முடிவை எல்லாக் கென்யப் பூவுக்கும் எல்லா டச்சுப் பூவுக்கும் நீட்டினால் அதுவும் பிழையாகும். ஆய்வின் வலிமையே அது குறிப்பிட்ட பண்ணைகளின் எரிபொருளையும் மின்சாரத்தையும் பார்த்ததில்தான் இருக்கிறது.

5. அளந்த இடத்தில் வழி பிறந்தது

2007இல் பிரிட்டனில் வாக்கர்ஸ் நிறுவனம் தன் உருளைக்கிழங்கு சிப்ஸ் பாக்கெட்டில் 75 கிராம் என்று கார்பன் அளவை அச்சிட்டது. அந்த எண்ணைவிட, அதைத் தேடிப் போனபோது கிடைத்த செய்திதான் பெரிது.

நிறுவனம் கிழங்கை எடைக்கு வாங்கியது. எடை கூடினால் பணம் கூடும். ஆகவே, விவசாயிகள் கிடங்கில் ஈரப்பதமூட்டும் கருவிகளை ஓடவிட்டுக் கிழங்கின் ஈரம் குறையாமல் பார்த்துக்கொண்டார்கள். அதற்கு மின்சாரம் செலவானது. பிறகு ஆலையில் அதே ஈரத்தை வற்றவைக்கக் கிழங்கைக் கூடுதல் நேரம் வறுக்க வேண்டியிருந்தது. அதற்கும் எரிபொருள் செலவானது. ஈரத்தை ஏற்ற ஒரு செலவு, இறக்க ஒரு செலவு. இரண்டுக்கும் காரணம் ஒப்பந்தத்தில் இருந்த விலை விதி. ஈரம் நீங்கிய எடைக்குப் பணம் என்று மாற்றினால் இரண்டு செலவும் குறையும். எந்த உலகச் சராசரியும் இதைக் காட்டியிருக்காது. கிடங்குக்குள் போய்ப் பார்த்ததால் தெரிந்தது.

அதே ஆண்டு டெஸ்கோ நிறுவனம் தன் கடைகளில் விற்கும் 70,000 பொருள்களிலும் கார்பன் அளவை அச்சிடப்போவதாக அறிவித்தது. ஒவ்வொரு பொருளுக்கும் பல மாத உழைப்பு தேவைப்பட்டது. மற்றக் கடைகளும் பின்தொடரவில்லை. சுமார் 500 பொருள்களோடு 2012இல் திட்டத்தைக் கைவிட்டது.

இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நேரில் அளந்தால் வழி தெரிகிறது. ஆனால், சங்கிலியின் கடைசியில் நிற்கும் கடைக்காரர் பின்னோக்கிப் போய் 70,000 பொருளையும் அளக்க முடியாது. ஒவ்வொரு கண்ணியும் தன் பங்கைத் தானே அளந்து முன்னே தள்ளினால்தான் நடக்கும்.

6. நொய்யல் தரும் பாடம்

திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு நொய்யல் ஆற்றையும் ஒரத்துப்பாளையம் அணையையும் எப்படிப் பாழாக்கியது என்பதை இந்த அவைக்கு விளக்கத் தேவையில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரைத் துளியும் வெளியேற்றாத நிலையை எட்டாத பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதன் பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் ஆர்.ஓ. முறையில் நீரைப் பிரித்த பின் மிஞ்சும் உப்புக் கரைசலை எவாப்பரேட்டரில் காய்ச்சி, உப்பைத் தனியே பிரிக்கிறார்கள்.

இதன் ஆற்றல் செலவைப் பாருங்கள். சாயம் ஏற்ற ஒரு லிட்டர் நீரை 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க 126 கிலோஜூல் போதும். கொதிநிலையில் உள்ள அதே லிட்டரை ஆவியாக்க 2,257 கிலோஜூல் வேண்டும். ஏறத்தாழ 18 மடங்கு. பல அடுக்கு எவாப்பரேட்டர் ஓர் அடுக்கின் நீராவியை அடுத்ததற்குப் பயன்படுத்தி இதைக் குறைக்கிறது. ஆனாலும் செலவு பெரிதுதான். சுத்திகரித்த நீரை ஆற்றிலோ கடலிலோ விட அனுமதியுள்ள வேறொரு நாட்டுச் சாயப்பட்டறைக்கு இந்தச் செலவு இல்லை. கார்பன் எண்ணை மட்டும் பார்க்கும் பையருக்கு (வாங்கும் நிறுவனத்துக்கு), ஆற்றைக் காப்பாற்றும் திருப்பூர் துணி அதிகக் கார்பன் துணியாகத் தெரியும். நீர்க் கணக்கு பக்கத்தில் இல்லாத கார்பன் கணக்கு நொய்யலுக்கு எதிராகவே வேலை செய்யும்.

விறகு பாய்லரிலும் ஒரு கேள்வி இருக்கிறது. விறகு எரிந்து வரும் கார்பன் டை ஆக்சைடு, மரம் மீண்டும் வளர்ந்து இழுத்துக்கொள்ளும் என்ற எண்ணத்தில், மூன்று ஸ்கோப்புகளுக்கும் வெளியே தனியாகக் காட்டப்படுகிறது. வெட்ட வெட்டத் தழைக்கும் சீமைக்கருவேலத்துக்கு இந்த எண்ணம் பொருந்தும். மறுபடி நடப்படாத மரத்துக்குப் பொருந்தாது. லாரி எடைச்சீட்டில் இரண்டும் வெறும் விறகுதான்.

காற்றாலையின் கணக்கும் அப்படித்தான். திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் பலருக்குச் சொந்தக் காற்றாலை உண்டு. ஆடிக் காற்றில் உற்பத்தியான யூனிட்டை மின்வாரியத்திடம் வரவு வைத்து, பின்னால் தேவைப்படும் மாதத்தில் எடுத்துக்கொள்ளும் வசதி பழைய காற்றாலைகளுக்குக் கிடைத்தது. ஆண்டுக் கணக்கில் அந்தத் தொழிற்சாலையின் மின்சாரம் சுத்தமானது. ஜனவரி இரவில் அதன் மெஷினை ஓட்டும் மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியிலிருந்து வருகிறது. மத்திய மின்சார ஆணையத்தின் தரவுப்படி இந்திய மின்கட்டமைப்பின் சராசரி, யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ. 2015 முதல் ஜி.எச்.ஜி. புரோட்டோகால் இரண்டு எண்ணையும் காட்டச் சொல்கிறது: கட்டமைப்பின் சராசரிப்படி ஒன்று, ஒப்பந்தப்படி ஒன்று. காற்றாலையில் முதலீடு செய்தவரின் முயற்சிக்கு மதிப்பும் வேண்டும், நேரத்தின் உண்மையும் வேண்டும். இரண்டு எண்ணும் சேர்ந்து போனால்தான் இரண்டும் கிடைக்கும்.

7. பில்லோடு கைமாறும் கார்பன்

இறக்குமதிப் பொருளோடு வரும் கார்பனுக்கு ஐரோப்பிய ஒன்றியம் விதிக்கும் எல்லை வரி 2023 அக்டோபர் 1 முதல் அறிக்கைக் கட்டமாகவும், 2026 ஜனவரி 1 முதல் முழுமையாகவும் நடைமுறைக்கு வந்தது. இரும்பு, எஃகு, அலுமினியம், சிமென்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவை அதன் பட்டியலில் உள்ளன. ஆயத்த ஆடை அதில் இல்லை. ஆனால் போல்ட்டும் ஸ்க்ரூவும் உண்டு.

லூதியானாவில் போல்ட் செய்யும் சிறு பட்டறையை எடுத்துக்கொள்வோம். அதன் சொந்த உமிழ்வு கொஞ்சம்தான். கம்பியில்தான் எல்லாம் இருக்கிறது. ஊதுலையில் செய்த எஃகுக்கு டன்னுக்கு ஏறத்தாழ 2.3 டன் கார்பன் டை ஆக்சைடு. பழைய இரும்பை மின் உலையில் உருக்கியதற்கு உலகச் சராசரி அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. வியாபாரியிடம் கம்பி வாங்கும் பட்டறைக்காரருக்குத் தன் கம்பி எந்த உலையில் பிறந்தது என்று காட்டச் சீட்டு இல்லாவிட்டால், ஒன்றியம் நிர்ணயிக்கும் பொது மதிப்பு அவர் தலையில் விழும். அந்தப் பொது மதிப்பு தாராளமானதல்ல, மேல்சேர்ப்போடு வருவது. அளவு இல்லாமல் போவதற்கு இப்போது ரூபாயில் விலை இருக்கிறது.

இதற்கு ஒரு வழியை ஹார்வர்டின் ராபர்ட் கேப்லனும் ஆக்ஸ்ஃபோர்டின் கார்த்திக் ராமண்ணாவும் 2021இல் முன்வைத்தார்கள். நமக்குப் பழகிய ஜி.எஸ்.டி.யைப்போல நடப்பது அது. ஒவ்வொருவரும் வாங்கிய பொருளோடு வந்த கார்பனை வரவு வைப்பார். தான் சேர்த்ததைக் கூட்டுவார். விற்கும் பொருளோடு மொத்தத்தையும் அடுத்தவர் கணக்குக்கு மாற்றுவார். யாரும் பத்துக் கண்ணிக்கு அப்பால் போய் விசாரிக்க வேண்டியதில்லை. தனக்கு முன்னால் இருப்பவரின் சீட்டு சரியா என்று மட்டும் பார்த்தால் போதும். வரிக் கணக்கைத் தணிக்கை செய்யும் பழக்கம் இங்கே ஏற்கெனவே இருக்கிறது; ஆட்களும் இருக்கிறார்கள்.

8. செய்ய வேண்டியவை

முதலாவது, மீட்டர். பல சாயப்பட்டறைகளில் முழு யூனிட்டுக்கும் ஒரே மின்மீட்டர். விறகு வண்டி எடைக்கு வருகிறது. கறுப்புச் சாயம் ஏற்றும் லாட்டுக்கு வெளிர் நிறத்தைவிட உப்பும் அதிகம், அலசலும் அதிகம். ஆனால், மாத மொத்தத்தைக் கிலோவால் வகுத்தால் இரண்டுக்கும் ஒரே கார்பன்தான் வரும். மெஷின்வாரியாக நீராவிக்கும் நீருக்கும் மின்சாரத்துக்கும் மீட்டர் பொருத்த, தொழில் தொகுப்புத் திட்டங்களில் நிதி ஒதுக்க வேண்டும்.

இரண்டாவது, ஒரே படிவம். இன்று ஒரே தொழிற்சாலையின் அதே மின்கட்டண ரசீதை ஒவ்வொரு பையரின் தளத்திலும் தனித்தனியாக ஏற்ற வேண்டியிருக்கிறது. ஒருமுறை எடுத்து ஒருமுறை தணிக்கையான எண்ணை எல்லாப் பையர்களும் ஏற்க வேண்டும்.

மூன்றாவது, எண்ணின் பிறப்புச் சான்று. இதில் அளந்தது எவ்வளவு விழுக்காடு, சராசரியிலிருந்து வந்தது எவ்வளவு, எந்தப் பங்கீட்டு விதி என்பது எண்ணோடு சேர்ந்தே போக வேண்டும். நீர்க் கணக்கும் அதனுடன் போக வேண்டும்.

நான்காவது, விலை. கார்பன் குறைத்த துணிக்கு ஒரு பைசா கூடத் தராத பையர், அளவை மட்டும் கேட்பது நியாயமில்லை. மீட்டரிலும் புதிய மெஷினிலும் போட்ட பணம் திரும்ப வேண்டுமானால், சீசனுக்குச் சீசன் மாறும் ஆர்டர் போதாது. சில ஆண்டுகளுக்கான கொள்முதல் உறுதி வேண்டும். அளவைப் பையரிடம் கொடுத்த பிறகும் அது பட்டறைக்காரரின் சொத்து என்று ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். அவரிடமே விலை பேரத்துக்கு அதைத் திருப்பிப் பயன்படுத்தக் கூடாது.

ஐந்தாவது, ஆட்கள். கோவையிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் பொறியியல் கல்லூரிகளும் வணிகவியல் துறைகளும் நிறைய இருக்கின்றன. நீராவியைப் புரிந்த மாணவரும் லெட்ஜரைப் புரிந்த மாணவரும் சேர்ந்து ஒரு பட்டறையில் மூன்று மாதம் ஒவ்வொரு லாட்டையும் பதிவு செய்தால், அந்தப் பட்டறையின் கறுப்புத் துணிக்கும் வெள்ளைத் துணிக்கும் உண்மையான எண் கிடைத்துவிடும். இந்த அவையிலுள்ள துறைத் தலைவர்கள் இதை வரும் கல்வியாண்டின் களப்பணியாக ஏற்க வேண்டும். தொழில் சங்கத்தார் முதல் பத்துப் பட்டறைகளைத் திறந்துவிட வேண்டும். இதுவே இவ்வுரை அவையின் முன் வைக்கும் வேண்டுகோள்.